நெட் ஜீரோ கட்டட டிசைன் போட்டில சேரலாமா? பேப்பர்ல வர்ற ஜீரோ மீட்டர்ல வருமா?

கடம்பவனம்_ஆர்க் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரைப் பக்கம் ஒரு காலேஜ்ல பி.ஆர்க் நாலாவது வருஷம் படிக்கிறேன். நெட் ஜீரோ கட்டடம், அதாவது ஒரு வருஷத்துல தான் செலவழிக்கற கரண்டைத் தானே தயாரிச்சுக்கற கட்டடம், டிசைன் பண்ற சோலார் டெகாத்லான் இந்தியா போட்டில கலந்துக்கலாம்னு எங்க பேட்ச்ல ஒரு டீம் சேர்ந்திருக்கோம், பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ்ல இருந்து மெக்கானிக்கல், சிவில் பசங்களும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அந்தப் போட்டில கற்பனை சைட்டுக்கு டிசைன் பண்ண முடியாது, நிஜமா கட்டப் போற ஒரு ப்ராஜெக்டோட பில்டரைப் பார்ட்னரா பிடிக்கணும். சென்னைப் புறநகர்ல ஸ்டில்ட் (கீழ கார் பார்க்கிங்) ப்ளஸ் அஞ்சு மாடி அபார்ட்மென்ட் கட்டப் போற ஒருத்தர் சரின்னு சொல்லிட்டார்.

இப்ப பிரச்சனை என்னன்னா டீம்ல பாதிப் பேர் மாடில பேனல் போட்டா ஜீரோ வந்துடும், நாம ரெண்டர் (கம்ப்யூட்டர்ல போடற நிஜம் மாதிரிப் படம்) நல்லா பண்ணுவோம்னு சொல்றாங்க. மெக்கானிக்கல் பசங்க அஞ்சு மாடிக்கு ஜீரோ வரவே வராதுன்னு சொல்றாங்க. ஹெச்ஓடி தீசிஸ் வேலை கெடும்னு யோசிக்கிறாங்க. இதெல்லாம் நேரம் போட்டு செய்ற அளவுக்கு உபயோகமா, இல்ல சர்டிஃபிகேட்டோட முடிஞ்சுடுமா? ஃபீல்டுல இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

சைட்_முருகு எழுதியது:

நான் கட்டற ஆளு, அதனால நேரா சொல்லிடறேன். இந்த மாதிரி போட்டில ஜெயிச்ச டிசைன் ஷீட் நிறைய பாத்திருக்கேன், எல்லாத்துலயும் பச்சையும் நீலமுமா அம்புக்குறி போட்டு காத்து இப்படி வரும் அப்படிப் போகும்னு காட்டியிருப்பாங்க, சைட்டுக்கு வந்தா பக்கத்துல நாலடி தள்ளி இன்னொரு அபார்ட்மென்ட் நிக்கும், காத்து எங்கருந்து வரும். நான் வேலை பார்த்த ஏரியால ஒரு ஆபீஸ் கட்டடம், வாசல்ல பசுமை விருதுப் பலகை பெருசா மாட்டியிருக்கு, மேற்குப் பக்கம் தரையில இருந்து மேல வரைக்கும் கண்ணாடி. சாயங்காலம் நாலு மணிக்கு உள்ள உக்காந்திருக்கறவங்க ஜன்னல்ல அட்டை ஒட்டிக்கிட்டு வேலை பாக்கறாங்க, அட்டை ஒட்டுனதால இருட்டாகி லைட்டு போட்டுக்கறாங்க. மூணு மணிக்கு மேல ஏசிக்குப் போற கரண்ட் யாரு கணக்குல வருது?

போட்டி வேணாம்னு சொல்லலம்மா. கட்டி முடிச்சு ஒரு வருஷம் கழிச்சு மீட்டரைப் பாத்து பரிசு கொடுக்கற போட்டி இருந்தா சொல்லுங்க, நானே வர்றேன்.

மொட்டைமாடி எழுதியது:

எனர்ஜி சிமுலேஷன், அதாவது ஒரு கட்டடம் எவ்வளவு கரண்ட் எடுக்கும்னு கம்ப்யூட்டர்ல கணிக்கறதுதான் என் வேலை, சென்னைல. முதல்ல உங்க மெக்கானிக்கல் பசங்க கேக்கறது சரியான கேள்வி, அதை சாஃப்ட்வேர் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல போட்டுப் பாத்துடலாம்.

உங்க கட்டடத்தோட தளம் 500 சதுர மீட்டர்னு வச்சுக்கோங்க. அஞ்சு மாடி, மொத்தம் 2500. மொட்டை மாடில ஹெட்ரூம், லிஃப்ட் ரூம், தண்ணி டேங்க், துணி காயப்போடற இடம் எல்லாம் போக மிஞ்சறது ஒரு 300 சதுர மீட்டர். சாதாரணமா ஸ்டாண்டு வச்சு வரிசைக்கு வரிசை இடம் விட்டு போட்டா ஒரு கிலோவாட்டுக்கு 10 சதுர மீட்டர் வேணும், அப்ப 30 கிலோவாட். சென்னை வெயிலுக்கு ஒரு கிலோவாட் வருஷத்துக்கு 1400, 1450 யூனிட் தரும். ஆக மொத்தம் ஏறக்குறைய 43,000 யூனிட். இதை 2500ஆல வகுத்தா சதுர மீட்டருக்கு 17 யூனிட். அதுதான் உங்க வரவு.

செலவைப் பாருங்க. 90 சதுர மீட்டர் ஃப்ளாட், மாசம் 300 யூனிட் ஓடுதுன்னா வருஷம் 3600, சதுர மீட்டருக்கு 40. லிஃப்ட், மோட்டார், காரிடார் லைட்டு, எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிக்கற இடம்) இதெல்லாம் இதுக்கு மேல. 17க்கும் 40க்கும் நடுவுல இருக்கற பள்ளம்தான் உங்க டிசைன் ப்ராப்ளம், ரெண்டர் இல்ல. மாடில பேனல் போட்டா ஜீரோ வந்துடும்னு சொன்ன நண்பர்கள் ரெண்டு மாடிக் கட்டடத்துக்கு சரி, அஞ்சு மாடிக்கு அப்படி வராது.

ஆனா வரவே வராதுன்னும் சொல்ல முடியாது. வரவுப் பக்கம் ஒரு பெரிய வழி இருக்கு, மாடியை ரெண்டா பிரிக்காம பேனலையே தலைக்கு மேல ஒம்பது அடி உயரத்துல கூரை மாதிரி தூக்கிடறது. டேங்க், துணிக்கொடி, பிள்ளைங்க விளையாடறது எல்லாம் அதுக்குக் கீழ. இப்ப வர்ற பேனலுக்கு நடக்கற வழியெல்லாம் விட்டாலும் ஒரு கிலோவாட்டுக்கு 7 சதுர மீட்டர் போதும், 450 சதுர மீட்டரை மூடினா 64 கிலோவாட், வருஷம் 90,000 யூனிட் பக்கம், சதுர மீட்டருக்கு 36. மேல் மாடி ஸ்லாபுக்கு வெயிலே படாதுங்கறது கூடுதல் லாபம், மேல் மாடி வீட்ல இருக்கறவங்களுக்கு அதோட அருமை தெரியும்.

இது கடைசில சேக்கற விஷயம் கிடையாது. கட்டடம் தாங்க வேண்டிய பாரத்தைச் சொல்ற இந்தியத் தரவிதி ஐஎஸ் 875ல சென்னைக்கு அடிப்படைக் காத்து வேகம் செகண்டுக்கு 50 மீட்டர். 2016 டிசம்பர்ல வர்தா புயல் வந்தப்ப என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தக் கூரையைக் காத்து மேல தூக்கப் பாக்கும், அந்த இழுப்பு தூண் வழியா கீழ இறங்கணும், அப்ப உங்க சிவில் பசங்க தூண் எங்கெங்க வரணும்னு போடறப்பவே இது தெரிஞ்சிருக்கணும். தில்லில 2014ல திறந்த இந்திரா பர்யாவரண் பவன்ல 930 கிலோவாட் பேனல் மாடி விளிம்பைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க, அதெல்லாம் முதல் நாள்லயே முடிவு பண்ணாதான் நடக்கும்.

பே_ஏரியா_கரிசல் எழுதியது:

@சைட்_முருகு அண்ணே, நீங்க கேட்ட மாதிரி போட்டி இருந்துச்சு, அமெரிக்காவோட சோலார் டெகாத்லான். ஒரு வருஷம் இல்ல, ஒரு வாரம் பத்து நாள், ஆனா நிஜமாவே மீட்டரை வச்சுத்தான் மார்க் போட்டாங்க. நான் இங்க கலிஃபோர்னியால ஹெச்விஏசி (ஏசி, ஹீட்டர், காத்தோட்டம்) இன்ஜினியர், 2015ல இர்வைன்ல நடந்தப்ப போய் வீடு வீடா பாத்துட்டு வந்தேன், அதனால இதைப் பத்தி கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

அமெரிக்க எரிசக்தித் துறைல ரிச்சர்ட் கிங்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. முதல் தடவை 2002ல, வாஷிங்டன் நேஷனல் மால்ல. காலேஜ் பசங்க வீட்டை அவங்க ஊர்ல கட்டி, பிரிச்சு, லாரில ஏத்தி, அங்க கொண்டு வந்து சில நாள்ல திரும்ப மாட்டணும். பத்து பிரிவு, அதனாலதான் டெகாத்லான்னு பேரு. அதுல பாதி ஜூரி பாத்து போடறது, ஆர்க்கிடெக்சர், மார்க்கெட் அந்த மாதிரி. மீதி அளந்து போடறது. உதாரணமா 2011 விதிப்படி உள்ள வெப்பம் 71ல இருந்து 76 ஃபாரன்ஹீட்டுக்குள்ள, நம்ம கணக்குல 22ல இருந்து 24 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ. குழாயத் திறந்தா 10 நிமிஷத்துல 15 காலன், அதாவது 57 லிட்டர் சுடுதண்ணி 43 டிகிரில வரணும். பாத் டவலைத் துவைச்சுக் காய வச்சு பழைய எடைக்கு வந்துச்சான்னு தராசுல வச்சுப் பாப்பாங்க! பக்கத்து வீட்டு டீமைக் கூப்பிட்டு சமைச்சு விருந்து போடணும், அதுக்கும் மார்க். இவ்வளவும் பண்ணிட்டு எடுத்த கரண்டை விட கொடுத்த கரண்ட் குறையக்கூடாது.

ஆரம்பத்துல பேட்டரில ஓடுச்சு, 2009ல இருந்துதான் க்ரிட்ல (பொது மின் லைன்ல) கனெக்ட் பண்ணி, எடுத்ததையும் கொடுத்ததையும் கழிச்சுப் பாக்கற நெட் மீட்டர் வச்சாங்க. அந்த வருஷம் என்ன ஆச்சுன்னு கேளுங்க. ஜெர்மனில இருந்து டார்ம்ஸ்டாட் டீம், 2007ல ஓக் மரச் சட்டத்துல பேனலைப் பதிச்சு அழகா ஷட்டர் பண்ணி ஜெயிச்சவங்க, 2009ல ரெண்டு மாடி கனசதுரம் ஒண்ணைக் கொண்டு வந்தாங்க, கூரை மட்டுமில்ல சுவர் பூராவும் பேனல். மறுபடியும் முதல் பரிசு. வீட்டோட விலை சாதாரண மனுஷன் நினைச்சுப் பாக்க முடியாத விலை. விதி கரண்டுக்கு மார்க் கொடுத்துச்சு, அவங்க கரண்டைக் கொடுத்தாங்க, அவங்க மேல தப்பு சொல்ல முடியாது. 2011ல விதியை மாத்தினாங்க, மலிவுக்குன்னே ஒரு பிரிவு, கட்டற செலவு 2,50,000 டாலருக்குள்ள இருந்தா முழு நூறு மார்க். உடனே அந்த வருஷம் வந்த வீடுகளோட போக்கே மாறிடுச்சு. பார்சன்ஸ், ஸ்டீவன்ஸ் டீம் எம்பவர்ஹவுஸ்னு ஒண்ணு பண்ணாங்க, போட்டி முடிஞ்சு அதை வாஷிங்டன்ல டீன்வுட்ங்கற ஏரியால ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தர்ற ஹாபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டி மூலமா கொடுத்து குடும்பம் குடி வந்துச்சு. மார்க் பிரிவு எப்படி இருக்கோ கட்டடம் அப்படித்தான் வரும். அதனால தங்கச்சி, முதல்ல விதிப் புத்தகத்தை உக்காந்து படிங்க, அதுல எது அளக்கறாங்க எது நம்பி விட்டுடறாங்கன்னு பாருங்க.

நான் நேர்ல பாத்ததுல மறக்க முடியாதது 2015ல ஜெயிச்ச ஸ்டீவன்ஸ் காலேஜோட ஷுர் ஹவுஸ். 2012ல சாண்டி புயல் அடிச்சு நியூ ஜெர்சி கடற்கரை வீடெல்லாம் போச்சு, அந்த ஊர்ப் பசங்க அதையே கேள்வியா எடுத்துக்கிட்டாங்க. தண்ணி ஏறினா உள்ள வராத மாதிரி சுவர், ஜன்னலுக்கு மேல நிழலாவும் புயல்ல கதவாவும் மடங்கற ஷட்டர். வெளிச் சுவர்ல போன் சார்ஜ் போடற ஓட்டை வச்சிருந்தாங்க, ஊர்ல கரண்ட் போனா பக்கத்து வீட்டுக்காரங்க வந்து சார்ஜ் போட்டுக்கலாம். இன்சுலேஷனும் காத்து கசியாத கட்டுமானமும் பேசிவ் ஹவுஸ்ங்கற கடுமையான மின்சிக்கனத் தரத்தோட அளவுக்கு இருந்ததால ஏசியே சின்னதா போதும்.

சைட்_முருகு எழுதியது:

டவல் எடை பாத்த கதை நல்லா இருக்கு தம்பி, நிஜமாவே. இப்படித்தான் பாக்கணும். ஆனா நீங்க சொல்றது ஒரு குடும்பம் இருக்கற தனி வீடு, பத்து நாள். இந்தப் பொண்ணு கேக்கறது பேப்பர்ல பண்ற போட்டி, அஞ்சு மாடி, நாப்பது குடும்பம் கூட இருக்கலாம். பில்டர் சரின்னு சொன்னாருன்னு சந்தோஷப்படறாங்க, அவரு கடைசில செங்கல்லயும் ஜன்னல்லயும்தான் காசைக் குறைப்பாரு, வாங்கறவங்க கரண்ட் பில் அவருக்கு வராதே. அதுக்கு என்ன பதில்?

நிலாக்கா_ஸ்டூடியோ எழுதியது:

முருகு சார் கேட்டது ரொம்ப முக்கியமான கேள்வி, அதுக்கு என்கிட்ட ஒரு உதாரணம் இருக்கு. நான் டிசைன் ஸ்டூடியோ எடுக்கறேன், ஒவ்வொரு வருஷமும் பசங்களுக்கு இதைச் சொல்லாம விடறதில்ல.

கொலராடோல கோல்டன்ங்கற ஊர்ல அப்ப என்ஆர்இஎல்னு பேர்ல இருந்த அமெரிக்க அரசோட எரிசக்தி ஆராய்ச்சிக்கூடம். 2010ல அவங்க ஒரு பெரிய ஆபீஸ் கட்டி முடிச்சாங்க, 2,20,000 சதுர அடி, எண்ணூறு பேர் வேலை பாக்கற இடம். அதுக்கு டெண்டர் விட்ட விதம்தான் விஷயம். படம் போட்டுக் காட்டுங்கன்னு கேக்கல. எங்களுக்கு வேண்டியது இதெல்லாம்னு மூணு படியா பட்டியல் போட்டாங்க, கட்டாயம் வேணும், ரொம்ப விரும்பறோம், முடிஞ்சா கொடுங்கன்னு. அதுல நெட் ஜீரோ கடைசிப் படில, முடிஞ்சா கொடுங்கன்னு இருந்துச்சு. பணம் இவ்வளவுதான், அதை மாத்த மாட்டோம், அதுக்குள்ள யாரு பட்டியல்ல அதிகமா தர்றாங்களோ அவங்களுக்கு வேலை. சதுர அடிக்கு இவ்வளவு கரண்ட்ங்கற நம்பர் ஒப்பந்தத்துலயே உக்காந்துடுச்சு. கட்டறவங்களும் ஆர்க்கிடெக்டும் இன்ஜினியரும் ஒரே டீமா போட்டியிட்டாங்க, ஜெயிச்ச டீம் அந்தக் கடைசிப் படியையும் சேத்து முழுப் பட்டியலையும் ஒத்துக்கிச்சு.

அப்புறம் டிசைன் எப்படி ஆச்சுன்னு பாருங்க. கட்டடத்தோட அகலம் 60 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு முடிவு, ஏன்னா அதுக்கு மேல போனா நடுவுல இருக்கற மேசைக்கு வெளிச்சம் எட்டாது. தெற்குச் சுவர்ல ஓட்டை போட்ட தகடு வச்சு குளிர்காலக் காத்தை வெயில்லயே சூடாக்கி, அதைத் தரைக்கு அடில கான்கிரீட் சந்து பொந்து வழியா விட்டு சேமிக்கறாங்க. பெரிய கம்ப்யூட்டரை எடுத்துட்டு லேப்டாப் கொடுத்தாங்க, ஏன்னா நம்பரை எட்டணும்னா மேசை மேல இருக்கறதையும் எண்ணியாகணும். இதுல எதுவுமே புதுக் கண்டுபிடிப்பு கிடையாது. செலவும் அந்த மாதிரி ஆபீஸுக்கு ஆகற சாதாரணச் செலவுதான். நம்பர் ஒப்பந்தத்துல இருந்ததால ஒருத்தர் செலவைக் குறைக்கறேன்னு ஷேடிங்கை வெட்டினா இன்னொருத்தர் ஏசி பெருசாகும்னு அதே மேசைல உக்காந்து சொன்னாங்க.

அதனால கடம்பவனம், உன் பில்டர்கிட்ட போய் நெட் ஜீரோன்னு ஆரம்பிக்காத மா. சதுர மீட்டருக்கு வருஷம் இத்தனை யூனிட்ங்கற ஒரு நம்பரை அவரோட சேந்து எழுது. சோலார் டெகாத்லான் இந்தியால கரண்ட் மட்டும் பிரிவு கிடையாது, தண்ணி, மலிவு, புயல் வெள்ளம் தாங்கறது, மார்க்கெட்ல விக்குமாங்கறது எல்லாமே பிரிவுதான். விக்குமாங்கறதுக்குப் பதில் சொல்ல உனக்கு அந்த பில்டரோட நிஜக் கணக்கு வேணும், எதுல அவரு காசு குறைப்பாருன்னு முதல்லயே தெரிஞ்சுக்கோ.

ஹெச்ஓடி கவலையைப் பத்தி: மெக்கானிக்கல் பசங்களோட ஒரே மேசைல உக்காந்து சண்டை போடற வாய்ப்பு பி.ஆர்க் அஞ்சு வருஷத்துல வேற எங்கயும் கிடைக்காது. எங்க காலத்துல அது இல்லாம வேலைக்கு வந்து, டிராயிங் முடிஞ்ச பிறகு டக்ட் (ஏசி காத்து போற குழாய்) எங்க போகும்னு கேட்டு ஃபால்ஸ் சீலிங்கை இறக்கிக்கிட்டு இருந்தோம். அந்த ஒரு காரணத்துக்காகவே சேரலாம்னு நான் சொல்லுவேன்.

ரிட்டயர்டு_ஏஈ எழுதியது:

இளையவங்க எல்லாம் நல்லா எழுதியிருக்கீங்க. நான் மின்வாரியத்துல சப்ஸ்டேஷன்ல காலத்தை ஓட்டினவன். ஒரு விஷயம் யாரும் தொடல, அதைச் சொல்லிட்டுப் போறேன்.

வருஷக் கணக்குல ஜீரோன்னு சொல்றீங்க. காலைல ஒம்பதுல இருந்து நாலு வரைக்கும் பேனல் கொட்டும், அந்த நேரத்துல அபார்ட்மென்ட்ல யாரு இருக்கா, வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிருப்பாங்க. அத்தனையும் லைன்ல வெளிய வரும். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கையறை ஏசி எல்லாம் ஒரே நேரத்துல ஓட ஆரம்பிக்கும், அப்ப சூரியனும் இல்ல ஒண்ணும் இல்ல, அனல்மின் நிலையம்தான் தரணும். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் முப்பந்தல் காத்தாலைப் பக்கம் காத்து அடிக்கும், அப்ப ராத்திரிக்கும் கொஞ்சம் கிடைக்கும். ஏப்ரல் மே புழுக்கத்துல அதுவும் சரியா வராது. பேப்பர்ல ஜீரோ வந்த கட்டடமும் ராத்திரி பதினோரு மணிக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் மேல மத்த கட்டடம் மாதிரியேதான் ஏறி உக்காரும்.

ஆகவே அம்மா, உங்க ரிப்போர்ட்ல பன்னெண்டு மாசம் பார் சார்ட் மட்டும் போடாதீங்க. மே மாசத்துல ஒரு நாளை எடுத்து இருபத்திநாலு மணி நேரமும் எவ்வளவு உள்ள எவ்வளவு வெளியன்னு ஒரு கோடு போடுங்க. அதைப் பாத்தா எங்க வேலை பாக்கணும்னு உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு. மாடி பொது, மீட்டர் வீட்டுக்கு வீடு தனி. 64 கிலோவாட் போட்டா அது எந்த மீட்டர்ல கணக்காகும், வாடகைக்கு இருக்கறவருக்கு என்ன பங்கு, இதைத் தீத்து வைக்காம கட்டினா சங்கத்துல சண்டைதான் நடக்கும். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தோட விதியை நேரா எடுத்துப் படிச்சு ஒரு பக்கம் எழுதுங்க.

பே_ஏரியா_கரிசல் எழுதியது:

ஐயா சொன்னது இங்க அப்படியே நடந்துச்சு. 2008லயே கலிஃபோர்னியா, 2020க்குள்ள புது வீடெல்லாம் ஜீரோ நெட் எனர்ஜி, 2030க்குள்ள புது வணிகக் கட்டடமும்னு இலக்கு வச்சுது. அந்த வேகத்துலதான் 2011ல ஆர்க்கிடெக்சர் அட் ஜீரோன்னு டிசைன் போட்டி ஆரம்பிச்சாங்க, இங்கத்து கரண்ட் கம்பெனி பிஜி அண்ட் இயும் அதுக்குப் பின்னாடி இருந்துச்சு. 2020 ஜனவரில இருந்து புது வீட்டுக்கு சோலார் கட்டாயமாவே வந்துடுச்சு. அதே சமயம் மத்தியானம் க்ரிட்ல கரண்ட் வழிஞ்சு சாயங்காலம் சட்டுனு தேவை ஏறற அந்த வாத்து வடிவக் கோடு வருஷத்துக்கு வருஷம் ஆழமாச்சு. 2023 ஏப்ரல்ல புதுசா சோலார் போடறவங்களுக்கு மத்தியானம் வெளிய தர்ற யூனிட்டோட மதிப்பை நல்லாக் குறைச்சுட்டாங்க. வருஷக் கணக்கை மட்டும் பாத்து டிசைன் பண்றவங்களுக்கு இப்ப கணக்கு உதைக்குது, பேட்டரி இல்லாம யாரும் கேக்கறதே இல்ல.

கடம்பவனம்_ஆர்க் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பதில் வரும்னு நினைக்கவே இல்ல. மொட்டைமாடி சாரோட கணக்கை டீம்ல காட்டினேன், ரெண்டர் க்ரூப் அமைதியாகிட்டாங்க, மெக்கானிக்கல் பசங்க அந்தக் கூரை ஐடியாவுல உக்காந்துட்டாங்க.

வரவு 36 வரைக்கும் வரலாம்னு புரியுது. செலவை 40 ப்ளஸ் பொதுச் செலவுல இருந்து எப்படிக் கீழ கொண்டு வர்றது சார்? இன்சுலேஷன்னு ஆரம்பிச்சா பில்டர் முகம் மாறுது. ராத்திரி ஏசிதான் பிரச்சனைன்னு ஐயா சொன்னதும் யோசிக்க வச்சுது, ஏசி இல்லாத டிசைன்னு காட்டினா ஜூரி நம்புவாங்களா?

மொட்டைமாடி எழுதியது:

ஏசி இல்லாம சென்னைல மே மாசம் ராத்திரி தூங்கலாம்னு எழுதாதீங்க, ஜூரில இருக்கறவங்களும் இந்த ஊர்லதான் தூங்கறாங்க. எத்தனை மணி நேரம் ஏசி வேணும், எத்தனை மணி நேரம் ஃபேனே போதும்னு பிரிச்சுக் காட்டறதுதான் நேர்மையான வேலை.

சுலபமானது முதல்ல. பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி (கரண்ட் கம்மியா எடுக்கற புது மோட்டார்) ஃபேன் 30 வாட் பக்கம். நாலு ஃபேன், சராசரியா பத்து மணி நேரம்னு வச்சா ஒரு வீட்டுக்கு வருஷம் 650 யூனிட் குறையும், 90 சதுர மீட்டர் ஃப்ளாட்டுக்கு அது சதுர மீட்டருக்கு 7 யூனிட். ஒரு சுவரையும் தொடாம 40ல இருந்து 33க்கு வந்துட்டீங்க. பில்டர் ஃபேன் மாட்டிக் கொடுக்க மாட்டாரு, வர்றவங்க அவங்கவங்க கொண்டு வருவாங்க, அதனால ஃபேனோட சேத்து விக்கறதுக்கு அவரை சம்மதிக்க வைக்கறதும் டிசைன் வேலைதான்.

அப்புறம் வெயிலை உள்ள விடாம இருக்கறது. இன்சுலேஷன்ற வார்த்தையை எடுக்காம மேற்கு ஜன்னல்ல ஆரம்பிங்க. ரெண்டடி சன்ஷேடு மத்தியான வெயிலுக்கு சரி, நாலு மணி வெயில் படுத்துக்கிட்டு வரும், அதுக்கு வெளிப்பக்கம் மூடற ஷட்டரோ செங்குத்துத் தடுப்போ வேணும், உள்ள திரை போட்டா சூடு ஏற்கனவே வீட்டுக்குள்ள வந்தாச்சு. வீடுகளுக்கான மத்திய அரசோட மின்சிக்கன விதி ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018ல சுவர், ஜன்னல் வழியா வர்ற வெப்பத்துக்கு சதுர மீட்டருக்கு 15 வாட்னு உச்சவரம்பு இருக்கு, அதுக்கு ரொம்பக் கீழ போய்க் காட்டுங்க. பேனல் கூரை மூடாத மாடிப் பகுதிக்கு செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு தட்டோடு பதிச்சு மேல வெள்ளை அடிங்க, நம்ம ஊர் கொத்தனாருக்குத் தெரிஞ்ச வேலை, தப்பு நடக்காது.

இப்ப ஏசி. நம்ம பிரச்சனை பாதி சூடு, பாதி புழுக்கம். சாதாரண ஸ்பிளிட் ஏசிக்கு ஈரப்பதம் தெரியாது, டிகிரி மட்டும்தான் தெரியும். புழுக்கமா இருக்குன்னு நாம 22க்குக் குறைக்கறோம், ரூம் விறைச்சுப் போகுது, கரண்ட் ஓடுது. 2018ல ஆரம்பிச்சு 2021ல முடிஞ்ச குளோபல் கூலிங் ப்ரைஸ் போட்டில இதைத்தான் கேட்டாங்க, இந்தியாவோட அறிவியல் தொழில்நுட்பத் துறையும் அதுல இருந்துச்சு. உள்ள 27 டிகிரிக்கு மேலயும் 60 சதவீத ஈரத்துக்கு மேலயும் போகக்கூடாது, வழக்கமான ஏசியை விட பருவநிலைக்குக் கேடு அஞ்சுல ஒரு பங்குதான் இருக்கலாம். மும்பை பக்கம் நிஜ அபார்ட்மென்ட்ல மாட்டியும் சோதிச்சாங்க, க்ரீயும் டைகினும் அவங்கவங்க டீமோட ஜெயிச்சாங்க. உங்களுக்கு அதுல எடுக்க வேண்டியது அந்த 27, 60தான். ஃபேனோட சேந்து 27 டிகிரி காஞ்ச காத்து நல்லாவே இருக்கும், இந்தியாவுக்குன்னே கள ஆய்வு பண்ணி உருவாக்கின ஐமேக் மாடலும் நம்ம ஆளுங்க வெளிநாட்டு ஆபீஸ் அளவை விட அதிக டிகிரில சௌகரியமா இருக்காங்கன்னுதான் சொல்லுது. சிமுலேஷன்ல செட் பாயிண்ட் (ஏசியை எத்தனை டிகிரில வைக்கறதுங்கறது) 24னு டீஃபால்ட்டா விட்டுட்டு வராதீங்க, அந்த ஒரு பெட்டியை மாத்தறதுல கிடைக்கற யூனிட் உங்க மொத்த சுவர் வேலைல கிடைக்கறதை விடக் கூட இருக்கலாம்.

சிமுலேஷன்ல நான் அதிகமா பாக்கற கோளாறு ஷெட்யூல்தான். வீட்டுக்கு ஆபீஸ் ஷெட்யூல் ஓடிக்கிட்டு இருக்கும், ராத்திரி வீடு காலி, பகல்ல நிறைய ஆளுன்னு. ரிசல்ட் அழகா ஜீரோ வரும், ஏன்னா ராத்திரி படுக்கையறை ஏசியே கணக்குல வராது. பாட்டி மத்தியானம் டிவி பாக்கறது, பையன் ராத்திரி ரெண்டு மணிக்கு ஏசிய அணைக்கறது எல்லாம் ஷெட்யூல்ல வரணும். அதுக்கு ஒரே வழி, அந்த பில்டர் ஏற்கனவே கட்டி ஆளுங்க குடியிருக்கற ஒரு பழைய ப்ளாக்கோட ஈபி பில்லை ஒரு வருஷத்துக்கு வாங்கறது. ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங், ஆறு நம்பர் போதும். பொது மீட்டர் பில்லையும் சேத்து வாங்குங்க.

சைட்_முருகு எழுதியது:

பழைய ப்ளாக் பில்லு வாங்கச் சொன்னது சரியான யோசனை சார். அதைப் போட்டில கேக்கறாங்களோ இல்லையோ, இந்தப் பசங்க அதை ரிப்போர்ட்ல முதல் பக்கத்துல போட்டா எந்த பில்டரும் உக்காந்து படிப்பான். பொண்ணு, சைட் வேலை சம்பந்தமா சந்தேகம் வந்தா இங்கயே கேளு, ஷட்டர் எப்படி மாட்டறது, என்ன செலவாகும்னு நான் சொல்றேன்.

கடம்பவனம்_ஆர்க் எழுதியது:

அப்டேட். பில்டர் அவரோட பழைய ப்ளாக் ஒண்ணுக்கு சங்கச் செயலாளர்கிட்ட பேசி விட்டார், பேரு போடாம வீட்டு நம்பர் மட்டும் வச்சு பில் கொடுத்திருக்காங்க. ஹெச்ஓடியும் இதையே தீசிஸா எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க!

ரெண்டு விஷயம் புரியல. பொது மீட்டர் மட்டும் மொத்தத்துல கால்வாசி பக்கம் வருது, லிஃப்டுக்கு இவ்வளவு ஆகுமா? அப்புறம் ரெண்டு வீட்ல ஏப்ரல் மே பில்லே டிசம்பர் ஜனவரிய விடக் கம்மி, எல்லாருக்கும் ஏறறப்ப இவங்களுக்கு மட்டும் இறங்குது. ஏசி இல்லாத வீடுன்னு எடுத்துக்கலாமா, அப்படின்னா அது நமக்கு நல்ல உதாரணம் இல்லையா?

மொட்டைமாடி எழுதியது:

லிஃப்ட் இல்ல, பெரும்பாலும் எஸ்டிபி ப்ளோயர், கழிவுநீருக்குள்ள காத்து ஊதற மெஷின். ராத்திரி பகலா ஒரே வேகத்துல ஓடிக்கிட்டு இருக்கும், ஆளு பாதிப் பேர் இருந்தாலும் அதே ஓட்டம்தான். மோட்டார் ரூம்ல போய் நேம் பிளேட்ல குதிரைத்திறன் என்னன்னு போட்டோ எடுங்க, ஆபரேட்டர் எத்தனை மணி நேரம் ஓட்டறார்னு கேளுங்க, பெருக்கிப் பாத்தா கணக்கு ஒத்து வரும். புது ப்ளாக்ல தண்ணில ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு பாத்து வேகம் மாத்தற கண்ட்ரோல் வச்சா அங்கயே ஒரு நல்ல துண்டு குறையும், அது தண்ணி பிரிவுலயும் மார்க்.

அந்த ரெண்டு வீட்டை இப்போதைக்கு உதாரணமா எடுக்காதீங்க. ஏசி இல்லைன்னாலும் ஃபேன், ஃபிரிட்ஜுக்கு மே மாசம் கொஞ்சமாவது ஏறணும், இறங்குதுன்னா ஆளு ஊர்ல இல்ல. லீவுக்குப் பூட்டிட்டு ஊருக்குப் போயிருப்பாங்க. வாட்ச்மேன்கிட்ட கேட்டுப் பாருங்க, அப்படித்தான்னு சொன்னா அந்த ரெண்டையும் ஏப்ரல் மே சராசரில இருந்து எடுத்துட்டு நம்பரைத் திரும்பப் போட்டு இங்க ஒட்டுங்க, பாக்கறேன்.